வயிற்றில் பை, கையில் பாஸ்போர்ட்

நம் ஊர்க்காரர்கள் ஒரு விஷயத்தை மறைக்க வேண்டும் என்று முடிவு செய்துவிட்டால், அதில் நம்மை மிஞ்ச ஆள் கிடையாது. சர்க்கரை, பிரஷர் என்றால் கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரரிடம்கூடச் சொல்லிக்கொள்வோம். பைபாஸ் என்றால் சட்டைப் பட்டனைத் திறந்து தழும்பையே காட்டும் மாமாக்கள் உண்டு. ஆனால் "வயித்துல பை வச்சிருக்கு" என்பதை மட்டும் கூடப் பிறந்த தம்பியிடம்கூடச் சொல்லமாட்டோம்.

இந்தப் பதிவு அந்தப் பையைப் பற்றியது. பையோடு ஊர் ஊராகப் போய்வருவது பற்றியது. சாப்பிட்டுக்கொண்டே படிப்பவர்கள் கை கழுவிவிட்டு வந்து படிக்கலாம், ஒன்றும் அவசரமில்லை :-)

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பை வைத்த அப்பாவையோ அம்மாவையோ "இனிமேல் எங்கேயும் அலைய வேண்டாம்" என்று வீட்டில் உட்கார வைப்பது அக்கறை இல்லை. அது வீட்டுச் சிறை. அவர்களைத் தடுத்து வைப்பது பை அல்ல. நம்முடைய வெட்கமும், நம் ஊர்க் கழிப்பறைகளும்தான்.

தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கம். குடலிலோ சிறுநீர்ப்பையிலோ புற்றுநோய், அடைப்பு, அடிபட்ட காயம் என்று ஏதாவது வந்து இயல்பான வழியை மூட வேண்டியதாகிவிட்டால், வயிற்றில் ஒரு சின்னத் துளை போட்டு அதன் வழியாகக் கழிவை வெளியே விடுவார்கள். அந்தத் துளைக்குப் பெயர் ஸ்டோமா. பெருங்குடலிலிருந்து வந்தால் கொலாஸ்டமி, சிறுகுடலிலிருந்து வந்தால் இலியாஸ்டமி, சிறுநீருக்கு என்றால் யூரோஸ்டமி. மூன்றுக்கும் பொதுப்பெயர் ஆஸ்டமி. ஸ்டோமாவுக்கு வலி தெரியாது. அதை இறுக்கிப் பிடிக்கத் தசையும் கிடையாது. அதனால் "கொஞ்சம் அடக்கிக்கோங்க" என்று சொல்லவே முடியாது. பைதான் அடக்கிக்கொள்ளும்.

இன்று உலகம் முழுக்கப் பயன்படும் ஒட்டும் பை எப்படி வந்தது தெரியுமா? டென்மார்க்கில் எலிசே சோரன்சன் என்று ஒரு நர்ஸ். அவருடைய தங்கை தோராவுக்குக் குடல் புற்றுநோய், ஆஸ்டமி ஆபரேஷன். அதற்குப் பிறகு, எங்கே கசிந்துவிடுமோ என்ற பயத்தில் தோரா வீட்டை விட்டு வெளியே வரவே மறுத்தார். அக்காவுக்கு மனசு கேட்கவில்லை. உடம்பில் ஒட்டிக்கொண்டு, பிறகு எடுத்து எறிந்துவிடக்கூடிய ஒரு பிளாஸ்டிக் பையை 1954-ல் யோசித்தார். ஆகே லூயி ஹான்சன் என்ற பிளாஸ்டிக் தயாரிப்பாளர் அதைச் செய்து கொடுத்தார். 1957-ல் அதற்காகவே கோலோபிளாஸ்ட் கம்பெனி பிறந்தது. ஆக, இந்தப் பையே ஒரு தங்கை வெளியே போய்வர வேண்டும் என்பதற்காக வந்தது. அதை மாட்டிவிட்டு "வெளியே போகாதே" என்று சொல்வது, செருப்பு வாங்கிக் கொடுத்துவிட்டு "நடக்காதே" என்பது மாதிரி.

எனக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்றால், அப்பா. பழவங்காடியில் மூன்று தலைமுறையாக இருக்கும் தமிழ்க் குடும்பம் எங்களுடையது. நான் நியூ ஜெர்சியில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து பிழைப்பு நடத்துகிறேன். அப்பாவுக்கு மலக்குடலில் புற்றுநோய் வந்து, நிரந்தரக் கொலாஸ்டமி செய்தார்கள். உடம்பு தேறியபின் பேத்தியைப் பார்க்க இங்கே வரச் சொன்னேன். "வேண்டாம்டா. ப்ளேன்ல பக்கத்துல இருக்கிறவனுக்கு நாத்தம் வந்தா நான் எங்கே போய் மூஞ்சிய வச்சுக்கறது?" என்றார். சொந்தக்காரர்கள் அவருக்கு ஒத்து ஊதினார்கள். ஒரு அத்தை, "கோயிலுக்கே போகாம இருக்கார், அமெரிக்கா எதுக்கு?" என்று கேட்டாள். அந்தக் கேள்விதான் என்னை உறுத்தியது. எழுபது வருஷமாகத் தினமும் போன கோயிலுக்கு ஒரு மனுஷர் ஏன் போகாமல் இருக்க வேண்டும்?

அப்பா வந்தார். மூன்று மாதம் இருந்தார். இரண்டாவது முறையும் வந்துவிட்டுப் போனார். அந்த அனுபவத்தில் சேர்ந்ததை எழுதி வைக்கிறேன், யாருக்காவது உதவும். ஒன்று மட்டும்: ஆபரேஷன் புதிது என்றால் எப்போது பறக்கலாம் என்பதை அறுவை செய்த டாக்டர்தான் சொல்ல வேண்டும், என் பதிவு அல்ல.

முதல் விதி, பைகள் எல்லாமே கைப்பெட்டியில். செக்-இன் பெட்டி வேறு ஊருக்குப் போய்விட்டால் வேட்டியைக் கடன் வாங்கலாம், பையைக் கடன் வாங்க முடியாது. வழக்கமாக எத்தனை செலவாகுமோ அதைப்போல இரண்டு மடங்கு எடுத்துக்கொள்ளுங்கள். தோலில் ஒட்டும் தட்டில் ஸ்டோமா அளவுக்கு ஓட்டை வெட்ட வேண்டும் இல்லையா, அதை வீட்டிலேயே வெட்டி வைத்துவிடுங்கள். கத்தரிக்கோல் செக்-இன் பெட்டிக்குப் போகட்டும். செக்யூரிட்டியில் அதற்காக ஒரு வாக்குவாதம் மிச்சம்.

இரண்டாவது, வெயில். வேர்வையில் தட்டின் ஒட்டு சீக்கிரம் விட்டுவிடும். நியூ ஜெர்சிக் குளிரில் நாலு நாள் தாங்கியது திருவனந்தபுரம் மே மாதத்தில் இரண்டு நாள்கூடத் தாங்காமல் போகலாம். லீவுக்கு ஊருக்குப் போகிறவர்கள் இதைக் கணக்கில் வைத்து எண்ணிக்கையைக் கூட்டுங்கள். வெயிலில் நிறுத்திய காருக்குள் பைகளை விட்டுவிட்டுப் போகாதீர்கள். பசை இளகிப் பாழாகிவிடும்.

மூன்றாவது, காற்று. பறக்கும்போது விமானத்துக்குள் இருக்கும் காற்றழுத்தம், ஆறாயிரம் முதல் எட்டாயிரம் அடி உயரமுள்ள மலையில் இருப்பதற்குச் சமம். ஏறக்குறைய ஊட்டி. குடலில் இருக்கும் வாயு விரியும், பையும் கொஞ்சம் உப்பும். வெடிக்காது, பயப்பட வேண்டாம். வாயுவை வடிகட்டி விடும் ஃபில்டர் உள்ள பை வாங்கினால் வாசனையும் வராது. ஏறுவதற்கு முன் பையைக் காலி செய்துகொள்ளுங்கள். மூன்றில் ஒரு பங்கு நிறைந்ததுமே எழுந்து போங்கள். அதற்கு ஜன்னல் சீட் சரிப்படாது, நடைபாதை ஓரம்தான் சரி, அதுவும் டாய்லெட்டுக்குப் பக்கத்தில். கிளம்புவதற்கு முந்தின நாளிலிருந்து சோடா, கோலா, முட்டைக்கோஸ், பயறு வகைகளைத் தள்ளி வையுங்கள். யூரோஸ்டமிக்காரர்கள் நீண்ட பயணத்தில் காலில் கட்டும் பையை இணைத்துக்கொண்டால் நிம்மதியாகத் தூங்கலாம்.

நான்காவது, சாப்பாடு. கேரளத்தில் அவியல், தோரன், கூட்டுக்கறி, எதைத் தொட்டாலும் தேங்காய். இலியாஸ்டமி உள்ளவர்களுக்குத் தேங்காய், கடலை, மக்காச்சோளம், அன்னாசி மாதிரி நார் அதிகமானவை திரண்டு அடைத்துக்கொள்ளும் அபாயம் உண்டு. கொஞ்சமாக எடுத்து, நன்றாக மென்று சாப்பிட வேண்டும். ஓண சத்யாவில் உட்கார்ந்து "ஒண்ணும் வேண்டாம்" என்றால் பரிமாறுகிறவர் விடமாட்டார், அதனால் "டாக்டர் சொல்லியிருக்கார்" என்ற பிரம்மாஸ்திரத்தைப் பிரயோகியுங்கள். இலியாஸ்டமிக்காரர்களுக்கு உப்பும் நீரும் உடம்பிலிருந்து வேகமாகப் போகும். வெறும் தண்ணீரை மடக் மடக்கென்று குடித்தால் போதாது. ஓஆர்எஸ் பொட்டலம் நாலைந்து பையில் இருக்கட்டும், அதில் எழுதியிருக்கும் அளவுத் தண்ணீரில் கலக்கிக் குடிக்கட்டும். நம் உப்புப் போட்ட கஞ்சி இருக்கிறதே, அதுவும் நல்ல துணை. கிட்னி, பிரஷர் தொந்தரவு இருப்பவர்கள் உப்பு விஷயத்தை டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஐந்தாவது, செக்யூரிட்டி. ஆங்கிலத்தில் ஒரு அட்டை எழுதி அப்பா சட்டைப்பையில் வைத்தேன். இரண்டே வரி. வழியில் மாறவேண்டிய ஒரு விமான நிலையத்தில் (பெயர் வேண்டாம்) ஒருவர் எல்லார் முன்னாலும் சட்டையைத் தூக்கச் சொல்லியிருக்கிறார். அப்பா அட்டையை நீட்டியிருக்கிறார். அவர் மேலதிகாரியைக் கூப்பிட்டு, ஒரு தனி அறைக்குள் அழைத்துப் போய், இரண்டே நிமிஷத்தில் அனுப்பிவிட்டார்கள். அட்டை இல்லாவிட்டால் அப்பா அங்கேயே உடைந்துபோயிருப்பார்.

அமெரிக்காவில் இதற்கு விதி தெளிவாக இருக்கிறது. பையைக் கழற்றவோ திறந்து காட்டவோ சொல்லக்கூடாது. தேவைப்பட்டால் உடைக்கு மேலாகப் பையை நீங்களே தடவச் சொல்லி, அப்புறம் உங்கள் கையைத் துடைத்து வெடிமருந்துத் தடயம் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். தனி அறை கேட்கலாம், கூட ஒருவரை வைத்துக்கொள்ளவும் கேட்கலாம். 72 மணி நேரம் முன்பே டிஎஸ்ஏ கேர்ஸ் உதவிப் பிரிவுக்குத் தகவல் சொன்னால், செக்யூரிட்டியில் உதவிக்கு ஏற்பாடு செய்யவும் வழி உண்டு. நம் பெற்றோர் ஆங்கிலம் பேசத் தயங்குவார்கள், அதைவிட இந்த விஷயத்தைப் பேசத் தயங்குவார்கள். அட்டை இரண்டு தயக்கத்தையும் தீர்க்கும்.

ரயிலில் போகிறவர்களுக்கு ஒரு தகவல். இந்திய ரயில்வேயின் சலுகைப் பட்டியலில் ஆஸ்டமி நோயாளிகள் தனியாகவே இருக்கிறார்கள். மாத, மூன்று மாத சீசன் டிக்கெட்டில் பாதிக் கட்டணம், எந்தக் காரணத்துக்காகப் பயணம் செய்தாலும். புற்றுநோயாளிகள் சிகிச்சைக்கோ செக்கப்புக்கோ போகும்போது ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏசியிலும் கட்டணமே இல்லை. 2020 மார்ச்சில் முதியோர் சலுகையை நிறுத்தியபோதும் நோயாளிகள் சலுகையை நிறுத்தவில்லை. டாக்டரிடம் உரிய படிவத்தில் சான்றிதழ் வாங்கினால் போதும். கேட்காமல் விட்டுவிடாதீர்கள். இன்னொரு பக்கம், 2016-ம் வருஷத்து மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைப் பட்டியலில் ஆஸ்டமி இல்லை. ஜப்பானில் நிரந்தர ஆஸ்டமி உள்ளவர்களுக்கு மாற்றுத்திறனாளி அடையாளச் சான்று தருகிறார்கள். இங்கே சீசன் டிக்கெட்டுக்கு மட்டும் கண்ணில் படுகிறவர், மற்றபடி கண்ணில் படுவதில்லை.

சரி, கோயில் கதைக்கு வருகிறேன்.

எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் பழவங்காடிப் பிள்ளையார். திருவிதாங்கூரின் நாயர் படை வீரர்கள் பத்மநாபபுரத்தில் கும்பிட்ட பிள்ளையார், தலைநகரம் மாறியபோது படையோடு திருவனந்தபுரம் வந்தவர். இன்றும் கோயிலைப் பார்த்துக்கொள்வது இந்திய ராணுவம். அங்கே தேங்காய் உடைப்பதுதான் முக்கிய வழிபாடு. அங்கிருந்து நடந்தால் பத்மநாபசுவாமி கோயில். அங்கே ஆண்கள் வேட்டி கட்டி, இடுப்புக்கு மேலே வெறும் உடம்போடுதான் உள்ளே போக வேண்டும். அப்பாவின் பிரச்சினை இப்போது உங்களுக்குப் புரிந்திருக்கும். மறைத்தே பழகின ஒரு மனுஷரிடம் சட்டையைக் கழற்று என்கிறது கோயில்.

2024 டிசம்பர் 31-ம் தேதி சிவகிரி தீர்த்தாடன மேடையில் சுவாமி சச்சிதானந்தா, கோயில்களில் சட்டையைக் கழற்றச் சொல்லும் வழக்கம் போக வேண்டும் என்றார். அதே மேடையில் முதல்வர் பினராயி விஜயன் அதை ஆதரித்தார். உடனே பெரிய சர்ச்சை. பூணூல் இருக்கிறதா என்று பார்க்க வந்த வழக்கம் என்று ஒரு கட்சி, ஆசாரத்தில் கை வைக்காதே என்று இன்னொரு கட்சி. நான் படித்தவரையில், வயிற்றில் பையோடு வாசலில் தயங்கி நிற்கும் பக்தனைப் பற்றி இரண்டு கட்சியும் ஒரு வார்த்தை பேசவில்லை. இந்த விஷயத்தில் நான் சிவகிரி சுவாமி பக்கம். வழக்கத்தை மாற்றினால் பலருக்கும் கதவு திறக்கும். ஆனால் அது மாறும்வரை அப்பா காத்திருக்க வேண்டுமா?

வழி நம் சம்பிரதாயத்துக்குள்ளேயே இருந்தது. பெரியவர்கள் சந்நிதியில் தோளில் கிடக்கும் நேரியதை எடுத்து இடுப்பைச் சுற்றிக் கட்டுவார்கள் இல்லையா, மரியாதைக்காக? வேட்டியைக் கொஞ்சம் ஏற்றிக் கட்டி, அதன்மேல் நேரியதைச் சுற்றினால் பை இருந்த இடமே தெரியவில்லை. ஸ்டோமா மேல் முடிச்சு இறுகாமல் பார்த்துக்கொண்டால் போதும். தீட்டு என்று அத்தை ஆரம்பித்தாள். அம்மா ஒரே வார்த்தையில் முடித்தாள்: "உள்ள இருக்கறப்ப எல்லாரும் வயித்துல சுமந்துண்டுதானே போறோம்? இவருக்கு ஒரு அங்குலம் வெளியில இருக்கு, அவ்வளவுதான்." இதைவிடப் பெரிய சாஸ்திரம் எனக்குத் தெரியாது.

கடைசியாக, கழிப்பறை. இதில்தான் எனக்கு உண்மையான கோபம்.

ஒரு ஆச்சரியம் சொல்கிறேன். பையைக் காலி செய்வதில் நம் ஊர்க் கழிப்பறைக்கு ஒரு பெரிய வசதி உண்டு: தண்ணீர். குழாயோ குவளையோ பக்கத்திலேயே இருக்கும், அலசிவிடலாம். அமெரிக்காவில் காகிதம்தான். அதனால் இங்கே வெளியே போகும்போது அப்பா காலி பாட்டில் ஒன்றில் தண்ணீர் பிடித்துக்கொண்டு போவார். ஆனால் நம் ஊரில் தண்ணீர் தவிர வேறெதுவும் கிடையாது. வேட்டியை, புடவையை எங்கே சொருகுவது? புதுப் பையை எங்கே வைப்பது? ஈரத் தரையிலா? பழைய பையை எங்கே போடுவது?

பழவங்காடியைச் சுற்றி நினைத்துப் பாருங்கள். நடக்கிற தூரத்தில் தம்பானூர் ரயில் நிலையம், கேஎஸ்ஆர்டிசி நிலையம். இந்தப் பக்கம் கிழக்கே கோட்டை, சாலைக் கடைத்தெரு, கோயில்கள். 1981-ல் தொடங்கிய மண்டலப் புற்றுநோய் மையம், ஆர்சிசி, இதே நகரத்தில்தான். நாகர்கோவிலிலிருந்தும் திருநெல்வேலியிலிருந்தும் வருஷக்கணக்காக நம் ஜனங்கள் அங்கே சிகிச்சைக்கு வந்து இறங்குவது இந்தத் தம்பானூரில். குடல் ஆபரேஷன் முடிந்து செக்கப்புக்கு வருகிறவர் எத்தனை பேர் இந்த வழியாக நடந்திருப்பார்கள்? அவர்களுக்காக ஒரு கொக்கி, ஒரு பலகை, ஒரு கண்ணாடி, ஒரு மூடி போட்ட குப்பைத்தொட்டி உள்ள கழிப்பறை ஒன்று வேண்டும் என்று கேட்பது அதிகமா? ஜப்பானில் ரயில் நிலையங்களில் ஆஸ்டமிக்காரர்களுக்கென்றே இடுப்பு உயரத்தில் அலசும் தொட்டியும் வெந்நீரும் வைத்து, வாசலில் தனிச் சின்னமே போட்டிருக்கிறார்கள். நான் வெந்நீர் கேட்கவில்லை. கொக்கி கேட்கிறேன்.

குப்பைத்தொட்டியை நான் சும்மா சேர்க்கவில்லை. தொட்டி இல்லாத இடத்தில் பை எங்கே போகும்? கழிப்பறைக்குள், இல்லை ஓடைக்குள். பழவங்காடி, தம்பானூர் வழியாகப் போகும் ஆமையிழஞ்சான் தோட்டில், ரயில் நிலையத்துக்கு அடியில் குவிந்த குப்பையை அள்ள இறங்கிய ஒரு தொழிலாளி 2024 ஜூலையில் அடித்துச் செல்லப்பட்டு இறந்துபோனார். நாம் கண்ணுக்கு மறைத்துப் போடுவதை எல்லாம் யாரோ ஒருவர் கையால் எடுக்கிறார். ஆகவே பை உள்ளவர்களுக்கும் ஒரு கடமை உண்டு. உள்ளிருப்பதைக் கழிப்பறையில் கொட்டி, பையை அலசி, மடித்து, செய்தித்தாளில் சுற்றி, கவரில் முடிச்சுப் போட்டுத் தொட்டியில்தான் போட வேண்டும். ரயில் கழிப்பறைக்குள் பையைப் போடவே போடாதீர்கள். தொட்டி கிடைக்கும்வரை சுமக்க ஒரு ஜிப் கவர் இருந்தால் வாசனை வராது.

வெளிநாட்டில் இருக்கும் நம்மால் என்ன முடியும்? பணம் அனுப்புகிறோம், மருந்து அனுப்புகிறோம். இந்த விஷயத்தில் அதைவிடப் பெரிய உதவி, பேச்சை ஆரம்பிப்பது. போனில் "சாப்பிட்டீங்களா" என்று கேட்கிற அதே குரலில் "பை ஸ்டாக் இருக்கா, தோல் எரியுதா" என்று கேளுங்கள். மும்பையில் ஆஸ்டமி அசோசியேஷன் ஆஃப் இந்தியா என்று நோயாளிகளுக்காகவே ஒரு சங்கம் இருக்கிறது, அவர்களைப் பற்றிச் சொல்லுங்கள். ஸ்டோமா பார்க்கப் பயிற்சி பெற்ற நர்ஸ் ஆஸ்பத்திரியில் உண்டா என்று விசாரியுங்கள். ஊரில் சங்கம், கோயில் கமிட்டி, குடியிருப்பு அசோசியேஷன் என்று நன்கொடை கேட்டு வருவார்கள் இல்லையா, அடுத்த முறை கொடுக்கும்போது சொல்லுங்கள்: பெயர்ப்பலகை வேண்டாம், ஒரு கழிப்பறையில் கொக்கியும் பலகையும் மூடி போட்ட தொட்டியும் வையுங்கள் என்று.

உங்கள் வீட்டிலும் யாராவது பையோடு இருக்கலாம். உங்களிடமே சொல்லாமல்கூட இருக்கலாம். இந்த லீவுக்கு அவர்களைக் கூட்டிக்கொண்டு எங்கேயாவது போய்வாருங்கள். முதல் தடவை பக்கத்து ஊர் போதும்.